புள்ளியண்ணை எழுதியதும் நான் வாசித்ததும்

செய்தி வந்தபோது நான் பாரிஸில் ஸ்டாலின்கிராட் நிலையத்தில் மெற்றோ மாறிக்கொண்டிருந்தேன். கழகத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு குத்துவிளக்குப் படம். அதற்குக் கீழே, எமது உதைபந்தாட்டக் கழகத்தின் முன்னாள் மதிப்பீட்டாளர் திரு. தருமகுலசிங்கம் இன்று காலை காலமானார் என்ற வரி. அதற்குக் கீழே கைகூப்பிய சின்னங்கள். நடுவில் ஒருவர், சனிக்கிழமை பயிற்சி இருக்கிறதா என்று கேட்டிருந்தார். இருக்கிறது என்று இன்னொருவர் பதில் போட்டிருந்தார். அதன் பிறகும் கைகூப்பிய சின்னங்கள் தொடர்ந்தன. அவை இறந்தவருக்கா பயிற்சிக்கா என்று பிரித்தறிய முடியவில்லை.

நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் அடுத்த நிலையம்தான். நான் இறங்குவதற்குள் தலைவர் அழைத்துவிட்டார்.

"தம்பி, கேள்விப்பட்டிருப்பீர்."

"ஓம்."

"முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கினம். கழகத்தின்ரை பேரிலை நீர்தான் எழுதவேணும். உமக்குத்தான் எழுத்து வரும்."

"எழுதுறன்."

"நல்லதாய் எழுதும். பிறகு, அந்த நிரோஷன்ரை முழங்கால் விசயம். அதைத் தொடாமல் விட்டால் சனம் ஒளிக்கிறம் எண்டு நினைக்கும். ஒரு வரி போடும். அவரும் மனிசன்தானே, ஒரு பிழை விட்டவர், கழகம் அதைப் பெரிசா எடுக்கேல்லை எண்டு. பெருந்தன்மையாய் இருக்கட்டும்."

அந்தப் பெருந்தன்மையான வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். அது கொஞ்சம் நீண்டுவிட்டது.

விபரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பருவங்களுக்கு முன் எங்கள் கழகத்துக்குப் புதிதாக வந்த நிரோஷன் என்ற இளைஞன், பழுதான முழங்காலோடு இறுதியாட்டத்தில் இறக்கப்பட்டு, அந்தக் காலை இழந்ததற்குச் சமமான நிலைக்கு ஆளானான். புதியவர்களை ஆராய்ந்து எழுதுவது தருமகுலசிங்கத்தின் பொறுப்பு. அவர் அந்த முழங்காலைக் கவனிக்காமல் விட்டார் என்பதுதான் லாச்சப்பலில் எல்லோரும் நம்புவது. இரண்டு வருடமாக நம்புகிறார்கள். அவர் கவனித்தார் என்பது இருவருக்குத் தெரியும். ஒருவர் தலைவர், அவர் மறந்துவிட்டார். மறதி தலைமைக்கு வேண்டிய பண்புகளில் ஒன்று. மற்றவன் நான். அப்போது நான் கழகத்தின் செயலாளர். இப்போதும்தான்.

தருமகுலசிங்கம் என்ற முழுப்பெயரை உங்களில் பலர் அந்த அறிவித்தலில்தான் முதன்முறை பார்த்திருப்பீர்கள். நமக்கு அவர் புள்ளியண்ணை. புதிய ஆட்டக்காரர்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடுகிறவர். பிழைப்புக்கும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்தார். விமான நிலையத்துக்கு அருகில் ஒரு பெரிய சமையற்கூடத்தில், விமானங்களுக்குப் போகும் உணவுத் தட்டுகள் நகர்ந்து வரும் பட்டைக்கு முன்னால் நின்று, கரண்டி இல்லாத தட்டையும் மூடி பிதுங்கிய கோப்பையையும் எடுத்து ஒதுக்குவார். அங்கே பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். கழகத்தில் அதை இலவசமாகச் செய்தார். இலவசமாகப் பிழை சொல்கிறவரை யாருக்கும் பிடிப்பதில்லை.

நமது தெரிவு முறையையும் ஒரு தடவை நினைவுபடுத்துகிறேன். முன்பு ஒவ்வொரு கழகமும் தன் ஊர்ப் பிள்ளைகளையே எடுத்துக்கொண்டது. ஆள் கூடிய ஊர் வென்றது. ஆள் குறைந்த ஊர் நடுவரோடு மல்லுக்கு நின்றது. பிறகு கனடாவிலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஒரு மருமகன், அமெரிக்காவில் எப்படிச் செய்கிறார்கள் என்று விளக்கினார். புதியவர்கள் எல்லோரையும் ஒரே பட்டியலில் போடவேண்டும். கழகங்கள் முறை வைத்து ஒவ்வொருவராகத் தெரிவு செய்யவேண்டும். போன வருடம் கடைசியாக வந்த கழகத்துக்கு முதல் தெரிவு. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் லாச்சப்பலின் ரூ காய் தெருவில் ஓர் உணவகத்தின் மேல்மாடியில் கழகங்கள் கூடுகின்றன. படிவத்தில் பெயர், வயது, உயரம், ஆடும் இடம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. ஊருக்குக் கட்டம் இல்லை. ஆகையால் ஊரைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொள்வார்கள். தெரிவு முடிந்ததும் ஓர் அழிறப்பர் மேசையைச் சுற்றி வரும்.

நிரோஷன் வந்த வருடம் முதல் தெரிவு எங்களுக்கு. தலைவர் எழுந்து அஜந்தனின் பெயரைச் சொன்னார். அஜந்தன் ஆறடி உயரம். தலைவரின் ஊர். உயரம் மையால் எழுதப்பட்டிருந்தது. நிரோஷன் எங்களுக்கு ஐந்தாவதாகக் கிடைத்தான். வேறு எந்தக் கழகமும் எடுக்காததால் கிடைத்தான் என்று சொல்வதே சரி. அவன் ஓர் இடத்தில் பிறந்து, இடம்பெயர்ந்து, வேறோர் இடத்தில் படித்து, இன்னோர் இடத்து முகாமிலிருந்து இங்கே வந்தவன். அவனுடைய படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். அதை அழிக்க யாரும் அழிறப்பர் கேட்கவில்லை.

நாங்கள் ஆடுவது விமான நிலையத்தை அண்டிய புறநகரான கூசேன்வில்லுக்குப் பக்கத்து மைதானத்தில். ஒரு பக்கம் நிர்வாகத்தின் கூடாரம். தேநீர், றோல்ஸ், ஒலிபெருக்கி. எதிர்ப்பக்கத்தில் மடக்குக் கதிரை போட்டுப் புள்ளியண்ணை தனியாக இருப்பார். மடியில், வேலைத்தலத்தில் கழித்துப் போட்ட தட்டு விரிப்புத் தாள்கள். ஒருவருக்கு ஒரு தாள். ஒருநாள் நான் பக்கத்தில் போய் நின்றேன். கூடாரத்திலிருந்து பெரிய சத்தம் எழுந்தது. அவர் திரும்பவில்லை.

"அண்ணை, கோல் விழுந்தது. பாக்கேல்லையே?"

"அதைப் பாக்கத்தான் அவ்வளவு சனம் நிக்குதே. நான் பாக்காட்டிக் கோல் இல்லையெண்டு போயிடுமோ?"

"அப்ப என்னத்தைப் பாத்தனீங்கள்?"

"உங்கடை முதல் தெரிவை. பந்து அங்கை நிக்கேக்கை அவர் இஞ்சை காலுறை இழுக்கிறார். இது மூண்டாந்தரம். நாலாந்தரத்துக்கு இருக்கிறன்."

நாலாந்தரமும் இழுத்தார். அண்ணை குறித்துக்கொண்டார். ஒரு விமானம் தலைக்கு மேல் தாழப் பறந்தது. அது போய் முடியும் வரை பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். அந்தச் சத்தத்துக்குள் எதையும் எழுதமாட்டார். கண்ணும் சேர்ந்து மங்கிவிடும் என்பார்.

ஆறு ஆட்டம் பார்க்காமல் யாருக்கும் புள்ளி போட்டதில்லை. "ஒரு ஆட்டம் அதிட்டம், ரெண்டாவது காலநிலை. ஆறு பாத்தால்தான் ஆளைத் தெரியும்" என்பார். இரண்டுக்குக் குறைவாகவும் போட்டதில்லை. "இந்தக் குளிருக்கை ஞாயிற்றுக்கிழமை எழும்பி வாறானே. வந்ததுக்கு ரெண்டு. மிச்சம் எட்டையும் உழைக்கட்டும்." இரண்டு புள்ளி வாங்கியவர்களின் தகப்பன்மார் ரூ காயில் அவரைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறுவார்கள். அவரும் இனிமையானவர் அல்ல. ஒரு பூப்புனித நீராட்டு விழா மண்டபத்தில், சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒரு தகப்பனிடம், கேட்கப்படாமலே, "உங்கடை மகன் நல்ல பிள்ளை, பந்தை மட்டும் குடுத்துப்போடாதேங்கோ" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அந்தத் தகப்பன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் எழுதியதைப் பருவ முடிவில், அதே மேல்மாடியில், புதியவர்களும் குடும்பங்களும் முன்னிலையில் வாசிப்பது வழக்கம். வாசிப்பது செயலாளரின் கடமை. தாய்மார் பட்டுச் சேலையில் முன்வரிசையில் இருக்கையில், "இவருக்கு மூச்சு இருபது நிமிடத்தோடு முடிகிறது" என்று எப்படி வாசிப்பது? "தொடக்கத்திலேயே முழு ஆற்றலையும் வழங்குபவர்" என்று வாசித்தேன். "பந்து வந்தால் பயம்" என்பது "பந்தை நிதானத்தோடு அணுகுபவர்" ஆயிற்று. அஜந்தனுக்கு அண்ணை ஒரே சொல்தான் எழுதியிருந்தார்: "நிற்கிறார்." நான் அதை "களத்தில் உறுதியாக நிற்பவர்" என்று வாசித்தேன். கைதட்டல் விழுந்தது. எனக்கு எழுத்து வரும் என்று தலைவர் சொன்னது இதைத்தான். அண்ணைக்கு மாலை நேர வேலை என்பதால் பெரும்பாலும் கூட்டத்துக்கு வரமுடியாது. தாள்களை ஓர் உறையில் இட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரேயொரு வருடம் விடுப்பு எடுத்து வந்தார். அதற்கு முந்தின பருவத்தில் ஒரு பந்துக்காப்பாளருக்கு மூன்று புள்ளி போட்டிருந்தார். கழகம் அந்த ஆளை விட்டுவிட்டது. அவர் வேறு கழகத்துக்குப் போய் நன்றாக ஆடத் தொடங்கினார். அண்ணை ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ரயில் ஏறிப்போய், அந்தக் கழகத்தின் ஆட்டங்களை எங்கோ ஒரு மூலையில் இருந்து பார்த்தார். பிறகு ஒரு தாளை என்னிடம் தந்து, எழுதியபடியே வாசிக்கச் சொல்லி, நான் வாசித்து முடியும் வரை சபை நடுவில் எழுந்து நின்றார். "நான் பிழை விட்டேன். இவரை மழையில் மட்டுமே பார்த்திருந்தேன். இவருக்குக் கண்ணாடி தேவை என்பது எனக்குத் தெரியவில்லை. மூன்று என்பதை ஏழு என்று திருத்துகிறேன்." சிலர் சிரித்தார்கள். படியிறங்கும்போது, ஒரு கடிதம் போட்டிருந்தால் போதாதா என்று கேட்டேன்.

"பிழையை எங்கை வாசிச்சதோ, திருத்தத்தையும் அங்கைதான் வாசிக்கவேணும். பிழையை ஊருக்குச் சொல்லிப்போட்டுத் திருத்தத்தைக் காதுக்குள்ளை சொல்லுறதே?"

இதை நீங்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். தன் பிழைக்குத் திருத்தம் எழுதாமல் அவர் இருந்ததில்லை. நிரோஷனுக்கு அவர் திருத்தம் எழுதவில்லை. அதன் பொருள் என்ன என்று இரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

நிரோஷனுக்கு விமான நிலையத்தில் பயணப் பொதிகளை ஏற்றி இறக்கும் வேலை. அந்த வேலையின் பேரில்தான் வதிவிட அட்டை. ஞாயிறுகளில் எங்களுக்காக இடது பக்கம் ஓடினான். நாங்கள் கடைசியிலிருந்து இறுதியாட்டம் வரை வந்ததற்கு அவனே காரணம் என்பதைக் கூடாரத்தில் இருந்தவர்களும் ஒத்துக்கொண்டார்கள். அஜந்தன் மைதானத்தில் இருப்பது எதிரணிக்கு அச்சம் தருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

முழங்காலை அண்ணை மைதானத்தில் கண்டுபிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை லாச்சப்பலில் மரக்கறி வாங்க வந்தவர், மெற்றோவின் உயரமான படிகளில் நிரோஷன் இறங்குவதைக் கீழே இருந்து பார்த்தார். ஒவ்வொரு படியிலும் இடது காலையே முதலில் வைத்தான். வலது கால் பின்னால் வந்து பக்கத்தில் சேர்ந்தது. ஆட்டத்தில் ஓடுகிறவன் படியில் ஓடவில்லை. ஒருமுறை பார்த்ததை நம்பாமல், அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வந்து, பையோடு அந்தப் படிகளின் கீழே நின்றார். மூன்றாம் நாள் அவனை மறித்துக் கேட்டார். இவை பிற்பாடு நிரோஷன் எனக்குச் சொன்னவை.

வியாழக்கிழமை உறை என் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மாலை வாசிப்பு. ஞாயிறு இறுதியாட்டம். நிரோஷனின் தாளைப் படித்ததும் நேரே தலைவரின் சேலைக் கடைக்குப் போனேன். அவர் ஒரு கூறைச்சேலையை மடித்துக்கொண்டே தாளைப் பார்த்தார்.

"இதை வாசிக்கப் போறீரோ?"

"எழுதியிருக்கிறாரே."

"எழுதுறது அவரின்ரை வேலை. வாசிக்கிறது உம்மடை வேலை. எவ்வளவு வாசிக்கிறதெண்டு நிர்வாகம் சொல்லும்."

"கால் சரியில்லை எண்டுறார். டொக்டரிட்டைக் காட்டச் சொல்லுறார்."

"ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு காட்டட்டும். நானே கூட்டிக்கொண்டு போறன். இடதுபக்கம் வேறை ஆர் இருக்கினம்? அஜந்தனே?"

தலைவர் தன் முதல் தெரிவைப் பற்றி உண்மை பேசிய ஒரே தருணம் அது.

வெள்ளிக்கிழமை மேல்மாடி நிறைந்திருந்தது. நிரோஷனுக்குக் குடும்பம் இங்கே இல்லை. வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். பிரகாசமான மஞ்சள் மேலங்கியைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தான். தாளின் முதல் மூன்று வரிகளை எழுதியபடியே வாசித்தேன். அவற்றில் மாற்ற ஒன்றும் இருக்கவில்லை. யாரையும் அவர் அப்படிப் புகழ்ந்து நான் பார்த்ததில்லை. நான்காவது வரியில் முழங்கால் இருந்தது. அங்கே தாளை மடித்து, "எட்டுப் புள்ளிகள்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் பெயரை வாசித்தேன். கைதட்டல் நீண்டது. நிரோஷனின் முகத்தில் ஓர் ஆறுதல் தெரிந்தது. அவனே ஆடத்தான் விரும்புகிறான் என்று அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டேன். பொருள் எடுத்துக்கொள்வதில் நான் தேர்ந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை, அணி விபரம் ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டதும், எதிர்ப்பக்கத்து மடக்குக் கதிரையிலிருந்து புள்ளியண்ணை எழுந்தார். மைதானத்தைச் சுற்றி நடந்து கூடாரத்துக்கு வந்தார். அவர் அங்கே வந்து நான் கண்டதில்லை. யாரோ தேநீர் நீட்டினார்கள். வாங்கவில்லை.

"வாசிச்சனீரோ?"

"ஓம் அண்ணை."

"முழுக்க?"

தலைவர் பக்கத்தில் ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஓம்."

"அப்ப தெரிஞ்சுகொண்டுதான் இறக்குறியள்" என்றார். திரும்பி, வந்த வழியே சுற்றி நடந்து போய்த் தன் கதிரையில் இருந்தார். அந்த நடைக்கு ஐந்து நிமிடம் எடுத்திருக்கும். ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. ஐந்து நிமிடமும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

முதற்பாதி முடிவதற்கு முன் நிரோஷன் விழுந்தான். யாரும் தொடவில்லை. திரும்பி ஓடக் கால் ஊன்றினான், கால் வரவில்லை. அவனுக்குப் பதிலாக அந்தப் பக்கத்துக்கு அஜந்தனை மாற்றினார்கள். கடைசி நிமிடங்களில் எங்கள் பக்கத்திலிருந்து அடித்த ஒரு பந்து, நின்றுகொண்டிருந்த அஜந்தனின் முதுகில் பட்டுத் திரும்பிக் கோலுக்குள் போயிற்று. நாங்கள் வென்றோம். கிண்ணம் இன்றும் தலைவரின் கடைக் கண்ணாடிக்குள், காஞ்சிபுரம் உடுத்த பொம்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரூ காயால் போகிறவர்கள் பார்க்கலாம்.

நிரோஷனுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. பொதி தூக்க முடியாது என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேலை இல்லை என்பதால் அட்டை புதுப்பிப்பது இழுபட்டது, இன்னும் இழுபடுகிறது. இப்போது ஓர் உணவகத்தின் நிலவறையில் உட்கார்ந்தபடி வெங்காயம் வெட்டுகிறான். உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை அதுதான் கிடைத்தது.

ஊர் ஒரு காரணத்தைத் தேடியது. யாரும் பொய் சொல்லவில்லை. "மதிப்பீட்டில் முழங்காலைப் பற்றி ஒன்றும் வரவில்லை" என்று தலைவர் சொன்னார். அது சரி; வரவில்லை. அன்று மேல்மாடியில் இருந்த அத்தனை பேரும் அதற்குச் சாட்சி. காலுறை இழுத்ததைக்கூட எண்ணியவருக்கு ஒரு பெடியன் நொண்டுவது தெரியவில்லையா என்று, இரண்டு புள்ளி வாங்கியவர்களின் தகப்பன்மார் கேட்டார்கள். பல வருடமாக அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர்களைப் போலக் கேட்டார்கள்.

இரண்டு கிழமை கழித்து கூசேன்வில்லுக்கு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, உள்ளே விட்டு, தேநீர் போட்டுத் தந்தார். நான் தாளை மடித்தது உட்பட அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"நான் எழுதினதை நானே போய்ச் சொல்லித் திரியேலாது தம்பி. எழுதாதவனும் அதைத்தான் சொல்லுவான்."

"நான் சொல்லுறன் அண்ணை. அடுத்த கூட்டத்திலை."

"தாள் உம்மட்டைத்தானே இருக்கு?"

"ஓம்."

"அப்ப வாசியும். வாசிச்ச இடத்திலை."

"கட்டாயம் வாசிக்கிறன்."

"பாப்பம்" என்றார். புதிதாக வந்த ஆட்டக்காரர்களைப் பற்றிக் கேட்டால் சொல்லும் அதே 'பாப்பம்'.

அடுத்த கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, நீண்டகாலச் சேவைக்கு நன்றி சொல்லி, ஓய்வு கொடுத்தோம். பொன்னாடைக்கான உரையை எழுதியது நான். இப்போது புதியவர்களை வாட்ஸப் குழுவில் வாக்கெடுப்பு வைத்து மதிப்பிடுகிறோம். எல்லோரும் நன்றாக ஆடுகிறார்கள். ஓய்வுக்குப் பிறகு அண்ணை எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார். வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வந்தார் என்று பின்னால் அறிந்தேன். கடைசி வரிசையில் இருப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். கூட்டம் முடிந்ததும் கதிரைகளை அடுக்க உதவிவிட்டுப் போவார். நான் ஒவ்வொரு முறையும் தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு முறையும் நிகழ்ச்சி நிரல் நீளமாக இருந்தது.

தகனத்தன்று கழகத்தின் மலர்வளையம்தான் பெரியது. தகன மண்டபத்தின் வாசலில் சில படிகள் உண்டு. நான் கீழே நின்றேன். நிரோஷன் என்னைக் கண்டு இறங்கி வந்தான்: இடது கால், பிறகு வலது, இடது கால், பிறகு வலது.

"அவருக்கு என்னாலைதான் அண்ணை கெட்ட பேர்" என்றான். "அண்டைக்குப் படியிலை மறிச்சுக் கேக்கேக்கை நான் கெஞ்சினனான். எழுதிப்போடாதேங்கோ, ஆடினால்தான் அடுத்த வருசமும் வைச்சிருப்பினம், எனக்கு இஞ்சை வேறை சனமில்லை எண்டு. அவர் எனக்காகத்தான் எழுதாமல் விட்டவர். ரெண்டு வருசமாய் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, பாருங்கோ."

"அப்பிடியில்லை நிரோஷன்" என்றேன். அதற்கு மேல் சொல்வதற்குள் உள்ளே அழைத்தார்கள். உண்மையில் அழைத்தார்களா, அழைப்பதுபோல் எனக்குத் தோன்றியதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது அவருடைய மகள் சிந்துஜா ஓர் உறை தந்தாள். இங்கே பிறந்த பிள்ளை. தகப்பன் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுகிறவள். என்னிடம் தமிழில் பேச முயன்றாள்.

"அங்கிள், அப்பாவின்ரை மேசை லாச்சிக்கை இருந்தது. உங்கடை பேர் எழுதியிருக்கு. நான் வாசிக்கேல்லை, எனக்கு அவ்வளவு வேகமாய் வாசிக்க வராது."

உள்ளே ஒரு தட்டு விரிப்புத் தாள். மேலே என் பெயர். ஆடும் இடம்: செயலாளர். அதன் கீழே ஆறு கூட்டங்களின் திகதிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒவ்வொரு திகதிக்கு நேரேயும் ஒரே சொல்: "வாசிக்கவில்லை." ஆறாவது சொல்லின் எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது, அப்போதே நோய் தொடங்கியிருக்கவேண்டும். அடியில் புள்ளி போட்டிருந்தார். "2. வருகிறார்."

நினைவு மலரை அச்சிடுவது கழகமல்ல, குடும்பம் என்று பிறகு தெரிந்தது. சிந்துஜாவிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "நிரோஷனுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்ப அவருக்குத்தான் முதல்" என்றாள். நேற்று அந்த உணவகத்தின் நிலவறைக்குப் போய், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் நின்று அவனுக்கு முழுத் தாளையும் வாசித்தேன். கத்தியைக் கீழே வைத்துக் கேட்டான். முடிந்ததும், "இன்னொருக்கால் வாசியுங்கோ" என்றான். வாசித்தேன். பிறகு, "நீங்கள் போங்கோ" என்றான். போனேன்.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு ரூ காயில், அதே மேல்மாடியில். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நான் அங்கே எழுந்து நின்று இதை வாசித்திருப்பேன். தலைவர் கேட்ட ஒரு வரி: கழகத்தின் மதிப்பீட்டாளர் பிழை விடவில்லை, செயலாளர் விட்டார், தலைவர் விடச் சொன்னார்.

அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பவை இரண்டு தாள்கள். ஒன்றில் உள்ளது என் புள்ளி. அதற்கு மேன்முறையீடு இல்லை. மற்றது நிரோஷனுடையது. மூன்றாவது வரியின் கீழே நான் மடித்த மடிப்பு இரண்டு வருடத்தில் கிழியத் தொடங்கியிருக்கிறது. அதில் உள்ளதை எழுதியபடியே தருகிறேன்.

"நிரோஷன். இடது பக்கம். பார்த்த ஆட்டங்கள் ஆறு.

பந்து இல்லாதபோதும் ஓடுகிறான். இந்த வருடம் வந்த ஐவரில் அதைச் செய்கிறவன் இவன் ஒருவன்.

பந்தை இழந்தால் நடுவரைப் பார்ப்பதில்லை. பந்தைப் பார்க்கிறான்.

தனக்குக் கிடைக்கவேண்டிய கோலை இரண்டு தடவை மற்றவருக்குக் கொடுத்தான்.

இடது முழங்கால் பழுது. லாச்சப்பல் மெற்றோப் படியில் இறங்கும்போது பார்க்கவும். மூன்று நாள் பார்த்தேன். எழுதவேண்டாம் என்று கெஞ்சினான். ஆகையால் எழுதுகிறேன். செய்வது சுமை தூக்கும் வேலை. கால் போனால் வேலை போகும், வேலை போனால் அட்டை போகும். டொக்டர் பார்க்கும் வரை இறக்கவேண்டாம்.

அடுத்த வருடமும் இவனை வைத்திருப்போம் என்று நிர்வாகம் இன்றைக்கே, சபையில், இவன் காதுகேட்கச் சொல்லவேண்டும். சொன்னால் தானே போய் டொக்டரிடம் காட்டுவான்.

புள்ளி எட்டு. செயலாளர் தயவுசெய்து இதை முழுக்க வாசிக்கவும்."